பூ மாற்றும் ஞாயிறு: பாஸ்டனில் ஆறு நாள்

நாள் 1, செவ்வாய்

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் கூப்பிட்டாள் என்று வந்தேன். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் வளர்ந்தவள். கணவர் யூதர். மகள் பிறந்ததும், பிள்ளையைச் சனிக்கிழமை யூத ஜெப ஆலயத்துக்குக் கூட்டிப் போவதா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூட்டிப் போவதா, இரண்டையும் விட்டுவிடுவதா என்று இருவரும் இரண்டு வருடம் அல்லாடியிருக்கிறார்கள். கடைசியில் பாஸ்டன் புறநகரில் ஒரு யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சபையில் சேர்ந்தார்கள். இதைத்தான் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லாமல், பல மதத்தவரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் ஒன்றாகக் கூடும் சபை அது. மகளுக்கு இப்போது 13 வயது.

"எம்மதமும் சம்மதம்னு நாம சொல்றதுதானே, அதுக்கு எதுக்குடி தனியா ஒரு சபை?" என்று போனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பாரு, அப்புறம் பேசு" என்பாள். வரும் ஞாயிறு அவர்கள் சபையில் பூ ஆராதனை. அதுவரை தினம் ஓர் இடம் பார்த்துவிட்டு, அன்றன்றைக்கு இங்கே எழுதப் போகிறேன்.

இன்று கிங்ஸ் சாப்பல். நகரின் நடுவில், உயரமான கட்டடங்களுக்கு இடையே, கருங்கல்லில் குட்டையாக நிற்கிறது. 1686-ல் ஆங்கிலிக்கன் சபையாகத் தொடங்கியது. இப்போதுள்ள கல் கட்டடம் 1754-ல் திறக்கப்பட்டது. உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கதவு வைத்த, பெட்டி போன்ற இருக்கைகள். 1717-ல் செய்த பிரசங்க மேடை இன்னும் அதே இடத்தில் பயன்பாட்டில் இருக்கிறது.

நான் வெகுநேரம் யோசித்தது மேடையைப் பற்றி அல்ல, ஜெபப் புத்தகத்தைப் பற்றி. அமெரிக்கப் புரட்சியின்போது பழைய போதகர் ஆங்கிலேயர்களோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஜேம்ஸ் ஃப்ரீமன் என்ற இளைஞர் வந்தார். கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு சங்கடம். திரித்துவத்தை, அதாவது பிதா, மகன், தூய ஆவி என மூவராய் இருப்பவர் ஒரே கடவுள் என்பதை, சொல்லும் ஜெபங்களை வாரா வாரம் வாசிக்க மனசாட்சி இடம் தரவில்லை. அதைச் சபையிடமே சொல்லிவிட்டார். அவர்கள் அவரை அனுப்பிவிடவில்லை. அவர் தரப்பைக் கேட்டார்கள். கேட்டு, 1785-ல் ஜெபப் புத்தகத்தையே திருத்த வாக்களித்தார்கள். அமெரிக்காவின் முதல் யூனிடேரியன் சபை இப்படித்தான் உருவானது. நம்பாததை வாயால் சொல்ல மாட்டேன் என்று ஒருவர் சொன்னதும், அதை மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டதும்தான் இதன் ஆரம்பம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டி இருக்கைகளை வாங்கியவர்களில் அடிமை வணிகத்தில் பணம் சேர்த்தவர்களும் இருந்தார்கள். ஒரு சொல்லுக்காக அவ்வளவு உறுத்திய மனசாட்சிக்கு, பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்த்து உறுத்தவில்லை. இதை எழுதாமல் அந்தக் கல் சுவரை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ரயிலில் திரும்பும்போது தோழி சொன்ன செய்தி எனக்குப் புதிது. திருவேங்கடம் என்று பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன ஒரு தமிழர், 1795-லேயே சென்னையில் ஒரு யூனிடேரியன் சபையைத் தொடங்கியிருக்கிறார். 1813-ல் புரசைவாக்கத்தில் அவர்களுக்கு ஆலயம். தமிழிலேயே எழுதியும் இருக்கிறார். அமெரிக்க யூனிடேரியன் சங்கம் தொடங்கியது 1825-ல்தான். இங்கே சங்கம் வருவதற்கு 30 வருடம் முன்னால் அங்கே ஒரு சபை, தமிழில்!

நாள் 2, புதன்

காலையில் எம்ஐடி வளாகத்தில் உள்ள சாப்பல். ஈரோ சாரினென் வடிவமைத்து 1955-ல் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலே இல்லாத செங்கல் உருளை. சுற்றிலும் அகழி போல ஒரு நீர்த்தொட்டி. உள்ளே போனதும் இருட்டு. கண் பழகிய பிறகுதான், சுவரின் அடியிலிருந்து வெளிச்சம் ஏறி வருவது தெரிகிறது. வெளியே தண்ணீரில் பட்ட வெயில் கீழ் வளைவுகள் வழியாக உள்ளே நுழைந்து செங்கல்லில் அசைகிறது. நடுவில் வெள்ளைப் பளிங்குக் கல் ஒன்று. மேலே ஒரு வட்டத் திறப்பு. அதிலிருந்து ஹாரி பெர்டோயா செய்த உலோகத் தகடுகள் மழைத்துளிகள் போலத் தொங்குகின்றன. எந்த மதத்தின் சின்னமும் நிரந்தரமாக இல்லை. யார் வருகிறார்களோ அவர்கள் தங்களுடையதைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். தனியாக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனம் அடங்கியது.

மதியம் வால்தம் ஊரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம். யூத சமூகத்தினர் 1948-ல் தொடங்கியது. அங்கே ஒரு குளத்தைச் சுற்றி மூன்று சாப்பல்கள்: யூதர்களுக்கு, கத்தோலிக்கர்களுக்கு, புராட்டஸ்டன்டுகளுக்கு என்று ஒவ்வொன்று. 1955-ல் கட்டும்போதே, ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாதபடி திட்டமிட்டுக் கட்டியிருக்கிறார்கள். மரியாதை என்பதைக் கட்டடமாக எழுப்பினால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தபோது வேறொரு எண்ணமும் வந்தது. நிழல் விழாத தூரத்தில் நின்றால் குரலும் கேட்காது.

மாலையில் அந்தக் குரல்களையே கேட்கப் போனோம். தோழியின் சபையில் மாதம் இருமுறை எட்டு பேர் ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். முதலில் கிண்ணத்தில் ஒரு சுடர் ஏற்றுகிறார்கள். இந்தச் சின்னம் வந்த கதை எனக்குப் பிடித்தது. ஹான்ஸ் டாய்ச் என்ற ஆஸ்திரிய ஓவியர், நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர், 1941-ல் யூனிடேரியன் நிவாரணக் குழுவுக்காக இதை வரைந்து கொடுத்தார். அகதிகளைக் காப்பாற்றும் வேலையில், குழுவின் காகிதங்களுக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்த சுடர் இது.

சுடர் ஏற்றியதும் எல்லோரும் சேர்ந்து தங்கள் உடன்படிக்கையை வாசித்தார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கிடுவதில்லை. அறிவுரை சொல்வதில்லை. திருத்துவதில்லை. இங்கே கேட்டதை வெளியே கொண்டு போவதில்லை. (பொதுவாகப் பேசியதை எழுத, அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன்.) தோழி என் காதில் சொன்னாள்: "நாங்க சின்ன வயசில விசுவாசப் பிரமாணம் சொல்வோம்ல, 'விசுவாசிக்கிறேன், விசுவாசிக்கிறேன்'னு? இங்க அது கிடையாது. எதை நம்புறோம்னு சொல்றதில்ல. ஒருத்தரை ஒருத்தர் எப்படி நடத்துவோம்னுதான் வாக்குக் கொடுக்கிறோம்."

இன்றைய தலைப்பு மன்னிப்பு.

கத்தோலிக்கராக வளர்ந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டிலிருந்து வெளியே வரும்போது உடம்பே லேசாகிவிடும் என்றும், அந்த லேசான உணர்வு இன்றுவரை வேறெங்கும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். பல வருடமாகப் பௌத்த தியானம் செய்யும் ஒருவர், பகையைப் பகையால் தணிக்க முடியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லிவிட்டு, தன் அப்பாவை நினைத்து இதை இன்னும் செய்து முடிக்கவில்லை என்று நிறுத்திக்கொண்டார். கடவுள் நம்பிக்கை இல்லாத பொறியாளர், எழுபதைத் தாண்டியவர், "என்னை மன்னிக்க மேலே யாரும் இல்லை. அதனால் உடைத்ததை நானே ஒட்ட வேண்டும். ஒட்ட முடியாததைச் சுமக்க வேண்டும்" என்றார்.

தோழியின் கணவர் பேசியதுதான் என்னை உலுக்கியது. யூதர்களின் யோம் கிப்பூர் நாள், கடவுளுக்குச் செய்த குற்றங்களுக்கு மட்டுமே பரிகாரம். மனிதருக்குச் செய்த குற்றத்தைக் கடவுள் மன்னிக்க முடியாது. அந்த மனிதரைத்தான் முதலில் சமாதானப்படுத்த வேண்டும். அவர் மறுத்தால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். மூன்று முறை வரை கேட்கச் சொல்கிறார் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடீஸ். "அடுத்தவர் வாசலில் போய் நிற்பதைத் தவிர வேறு குறுக்கு வழி எங்களுக்கு இல்லை" என்றார்.

என் முறை வந்தது. எனக்கும் என் அண்ணனுக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. அம்மா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது யார் பார்த்துக்கொள்வது என்பதில் வந்த சண்டை. நான் பேசிய வார்த்தைகள் தப்பு, எனக்கே தெரியும். கோயிலில் அதற்காக எத்தனையோ தடவை கண்ணை மூடி நின்றிருக்கிறேன். அண்ணன் முன்னால் ஒரு தடவைகூட நின்றதில்லை. இதைச் சொன்னேன். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார்கள். கொஞ்ச நேரம் மௌனம். அடுத்தவர் பேச ஆரம்பித்தார். ஆறுதல் வராததே பெரிய உதவியாக இருந்தது.

நாள் 3, வியாழன்

கான்கார்டு. எழுத்தாளர் ரால்ஃப் வால்டோ எமர்சன் வாழ்ந்த ஊர். பாஸ்டனில் யூனிடேரியன் போதகராக இருந்தவர். அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்துச் சடங்கை நம்பிக்கை இல்லாமல் நடத்த முடியாது என்று 1832-ல் வேலையை விட்டார். 1838-ல் ஹார்வர்டு இறையியல் மாணவர்களிடம், கடவுளை இரண்டாம் கையாக வாங்காதீர்கள் என்ற பொருளில் பேசினார். அதன் பிறகு ஏறக்குறைய 30 வருடம் ஹார்வர்டு அவரைப் பேசக் கூப்பிடவில்லை.

வால்டன் குளக்கரைக்கு நடந்தோம். 1845 ஜூலை 4-ஆம் தேதி எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ இங்கே ஒரு குடிலில் குடியேறி, இரண்டு வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள் இருந்தார். குடில் 10 அடிக்கு 15 அடி. இருந்த இடத்தில் இப்போது கல் தூண்கள் மட்டும். பக்கத்தில் ஒரு கற்குவியல். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் ஒன்று போட்டேன்.

அந்தக் குடிலில் அவர் பகவத் கீதை வாசித்தார். குளிர்காலத்தில் ஆட்கள் வந்து குளத்தின் பனிக்கட்டியை அறுத்து எடுப்பதைப் பார்த்து, கல்கத்தாவிலும் சென்னையிலும் தாகத்தோடு இருப்பவர்கள் என் கிணற்றில் குடிக்கிறார்கள், வால்டன் தண்ணீர் கங்கையோடு கலக்கிறது என்று எழுதினார். வெறும் கற்பனை அல்ல. பாஸ்டன் பனிக்கட்டி 1833 முதல் கல்கத்தாவுக்குக் கப்பலில் போனது. சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் இதே வணிகத்துக்காகக் கட்டியது. 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான்.

இதைப் படிக்கும் இந்தியர்களுக்குப் பெருமை வருவது இயல்பு, எனக்கும் வந்தது. ஆனால் குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது தோழி இன்னொன்றை நினைவுபடுத்தினாள். கீதையை அவ்வளவு உயர்த்திப் பேசிய தோரோ, அதோடு ஒத்துப்போகாத இடத்தையும் எழுதியிருக்கிறார். அர்ச்சுனன் ஏன் போரிட வேண்டும் என்பதற்குக் கண்ணன் போதுமான காரணம் தரவில்லை என்பது அவர் வாதம். அடிமை முறையைத் தாங்கும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846-ல் ஓர் இரவு சிறையில் இருந்தவரும் அவர்தான்.

எனக்கு முதலில் சுருக்கென்றது. எங்கள் நூலைக் குறை சொல்ல இவர் யார்? கொஞ்சம் நடந்த பிறகு வேறு மாதிரி தெரிந்தது. எல்லா மதமும் நல்லதைத்தான் சொல்கிறது என்று நான் இத்தனை நாள் சொல்லிவந்ததற்கு, எதையும் படித்திருக்கத் தேவையே இல்லை. தோரோ படித்திருந்தார். படித்ததைத் தன் வாழ்க்கையோடு மோதவிட்டார். அதனால்தான் அவருக்கு ஒரு கேள்வி வந்தது. அடுத்தவர் வேதத்துக்குச் செய்யும் மரியாதைகளில் அப்படி வரும் கேள்வியும் ஒன்று என்று இன்று நினைக்கிறேன். நாளைக்கும் இப்படியே நினைப்பேனா, பார்க்கலாம்.

நாள் 4, வெள்ளி

காலை முழுக்க மழை. ஆர்லிங்டன் ஸ்ட்ரீட் சர்ச்சுக்கு மட்டும் போனோம். இதுவும் யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சபைதான். 1861-ல் கட்டியது, டிஃபனி நிறக் கண்ணாடி ஜன்னல்கள் புகழ்பெற்றவை. ஆனால் நான் பார்க்க வந்தது அதற்காக அல்ல. 1967 அக்டோபர் 16 அன்று, வியட்நாம் போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் இங்கே கூடி, தங்கள் ராணுவ அழைப்பு அட்டைகளைப் பலிபீட மெழுகுவர்த்தியில் கொளுத்தினார்கள். 2004 மே 17 அன்று, மாசசூசெட்ஸில் ஒருபாலினத் திருமணம் சட்டமான முதல் நாளிலேயே, இங்கே அப்படி ஒரு திருமணம் நடந்தது. நம்பிக்கையில் ஒத்துப்போகாதவர்கள் செயலில் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்ற கேள்விக்கு இந்த மாதிரி நாட்கள்தான் பதில்.

மாலையில் புதன்கிழமை பார்த்த பொறியாளர் காபி குடிக்க வந்தார். 1961-ல் யூனிடேரியன்களும் யூனிவர்சலிஸ்ட்களும் ஒன்றாக இணைந்த கதையைச் சொன்னார். கடவுள் ஒருவரே என்றவர்கள் யூனிடேரியன்கள். கடவுள் யாரையும் நிரந்தரமாக நரகத்தில் விடமாட்டார் என்றவர்கள் யூனிவர்சலிஸ்ட்கள். நரகம் இல்லை என்றால் மனிதன் ஏன் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று 200 வருடத்துக்கு முன்பே அவர்களைக் கேட்டிருக்கிறார்கள். "நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்றேன். "பயந்து செய்வது கீழ்ப்படிதல். எனக்கு வேறு ஏதாவது வேண்டும்" என்றார்.

நாள் 5, சனி

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு உண்டு. ஒரு வருடம் முழுக்கச் சுற்றியுள்ள மற்ற மதங்களைப் படித்து, அவர்கள் வழிபடும் இடங்களுக்கே போய் உட்கார்ந்து வருவது. இன்று ஆஷ்லாண்டில் உள்ள ஸ்ரீ லட்சுமி கோயில். விளக்கம் சொல்ல என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் ஒன்பது பிள்ளைகள். செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக வந்தார்கள். அர்ச்சனை, தீபாராதனை, தீர்த்தம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எல்லா மதமும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்றும் வழக்கம்போல் சேர்த்துக்கொண்டேன்.

தோழியின் மகள் கேட்டாள். "ஆன்ட்டி, அப்போ இந்த லட்சுமி, நிஜமா இங்கே இருக்கிற லட்சுமியா? இல்லே, எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிற ஒண்ணுக்கு ஒரு பேரா?"

வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. கருவறைக்கு முன்னால் ஒரு பாட்டி கண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். அவர் ஒரு தத்துவத்தின் பெயரோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. தன் தாயாரோடு பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒன்றுதான் என்று நான் எளிதாகச் சொன்னது, அந்தப் பாட்டியைக் கொஞ்சம் அழித்துவிடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது. "அந்தப் பாட்டிக்கு நிஜமா இங்கே இருக்காங்க. எனக்கு, சில நாள் இருக்காங்க, சில நாள் தெரியலை" என்றேன். என் வாழ்க்கையில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. பிள்ளை தலையாட்டிவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டது.

நாள் 6, ஞாயிறு

வரும்போது ஆளுக்கொரு பூ கொண்டுவர வேண்டும். தோழி வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு வெள்ளை பியோனி பறித்துக்கொண்டேன். வாசலில் பெரிய ஜாடிகள். எல்லோரும் தங்கள் பூவை அதில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். ரோஜா, லூபின், புல்வெளியில் பறித்த டாண்டிலியன், ஒரு சிறுவன் கொண்டுவந்த காகிதப் பூ, எல்லாம்.

இந்த ஆராதனையை உருவாக்கியவர் நார்பர்ட் சாபெக், பிராக் நகரில் யூனிடேரியன் போதகர். அவர் சபைக்கு வந்தவர்கள் கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட், யூதம் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். பலரைப் பழைய சடங்குகள் காயப்படுத்தியிருந்தன. திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் வேண்டாம் என்று, எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒன்றாக 1923-ல் இதைத் தொடங்கினார். 1940-ல் அவர் மனைவி மாயா, இங்கே பக்கத்தில் கேம்பிரிட்ஜில் உள்ள யூனிடேரியன் சபைக்கு இதைக் கொண்டுவந்தார். சாபெக் ஊரிலேயே இருந்தார். நாஜிகள் கைது செய்து, டாஹாவ் வதை முகாமுக்கு அனுப்பி, 1942-ல் கொன்றார்கள்.

போதகர் இதைச் சொல்லி முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. வரிசையாகப் போய், நாம் கொண்டுவராத ஒரு பூவை எடுத்துக்கொள்ள வேண்டும். அழகானதைத் தேடக்கூடாது என்று விதி இல்லை. ஆனாலும் யாரும் தேடவில்லை. பொறியாளர் கையில் காகிதப் பூ. நர்ஸ் கையில் என் பியோனி. அவர் அதை மூக்கருகே வைத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் கைக்கு டாண்டிலியன் வந்தது. எடுத்த நேரத்திலேயே தலை சாய்ந்துவிட்டது.

ஆராதனை முடிந்து எல்லோரும் காபிக்குப் போனார்கள். நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மணியைப் பார்த்தேன். ஊரில் ராத்திரி ஒன்பதரை. அண்ணன் தூங்கியிருக்க மாட்டார். எண் மாறவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

தோழியின் கணவர் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"இது ஒண்ணு" என்றேன்.